செத்துப்போன இரண்டாவது ஸ்லாட்

தம்பி,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, முந்தாநாள் போனில் உன் குரலைக் கேட்டேன். சளி பிடித்திருக்கிறது, வெந்நீர் குடி. இந்தக் கடிதத்தைப் பேனா பிடித்து எழுதவில்லை. நீ கட்டிய கம்ப்யூட்டரில், நீ பழக்கிவிட்ட மாதிரியே, இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருக்கிறேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் காலை ஷிப்ட் முடித்து, குளித்து, இதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து இது மூன்றாவது நாள். ‘ழ’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போகிறது. உன் அம்மா ஒவ்வொரு தடவையும் அதைச் சூடாக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள். ஏன் பேசவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். போனிலேயே சொல்லிவிடலாமே என்று நினைப்பாய். போனில் நான் வேறு கதை பேசித் தப்பித்துவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் தட்டுகிறேன்.

முந்தாநாள் நீ அம்மாவிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். கொழும்பில் அந்த ஆஸ்பத்திரி மெசின் பழுதுபார்க்கும் கம்பனியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் வாயிலிருந்த ரொட்டியோடு எழுந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ சொன்னாய். “ரெண்டு வேலைல எது வேணும்னு கேக்குறாங்கம்மா. ஒன்னு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி மெசின பிரிச்சு பழுது பாக்குற வேல. இன்னொன்னு, ஆபீஸ்ல ஒக்காந்து போனுக்கு பதில் சொல்ற வேல. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். நான் போன் வேலயத்தான் கேக்கப்போறேன். மத்தது கை வேலம்மா, என் கைதான் ராசியில்லாத கையாச்சே. மொதமொத வாங்குன போர்டையே கெடுத்தவன் நானு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். அம்மாவும் “அட போடா” என்று சிரித்தாள். நான் திரும்ப உட்கார்ந்து, மீதி ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். உன் கையைப் பற்றி நீ நம்பிக்கொண்டிருக்கிற விஷயம் பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவன் நான். எடுத்தவுடன் அதைச் சொல்லிவிட்டேன். எப்படி என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நீ ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வந்து ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று சொன்ன அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு கட்டுவார்கள், தாலி கட்டுவார்கள், கம்ப்யூட்டரை ஏன் கட்ட வேண்டும், தலவாக்கலை டவுனில் கடையில் முழுசாக விற்கிறதே என்றேன். நீ கோபப்படவில்லை. கட்டக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஏழெட்டுச் சாமான்களின் பெயரை எழுதி, அலுமாரிக் கதவில் ஒட்டினாய். முழுசாக வாங்கினால் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, ஒவ்வொன்றாக நாமே பார்த்து வாங்கினால் அதே காசுக்கு நல்ல சாமான் வரும், நாளைக்கு ஒன்று கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம் என்றாய். அப்புறம் அந்தத் தாளில் இருந்த ஒவ்வொன்றையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய் பார், அதற்கு நான் உனக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. “மெமரிங்கிறது நம்ம ஸ்டோர்ல கொழுந்து பரப்புற தட்டுப்பா. தட்டு பெருசா இருந்தா ஒரே நேரத்துல நெறைய கொழுந்து பரப்பலாம்ல? இப்போதைக்கு ஒரு தட்டு போதும். அடுத்த தீவாளிக்கு இன்னொரு தட்டு வாங்கி பக்கத்துல சொருவிக்கலாம். அதனாலதான் ரெண்டு ஸ்லாட் உள்ள போர்டா பாக்குறேன்.” உன் வயதில் நான் என் அப்பாவிடம் எதையும் இப்படி விளக்கியதில்லை. உங்களுக்குத் தெரியாது விடுங்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு ஸ்டோருக்குப் போன ஒருவனை மதித்து, அவனுடைய வேலையிலிருந்தே வார்த்தை எடுத்து, அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாய். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு “ம்” என்றேன். என் குணம் உனக்குத் தெரியாததா.

பிறகு நாம் பெட்டிக்காகப் போட்ட சண்டை. கந்தப்பளையில் உன் சித்தப்பா வீட்டில் பையன் வைத்திருந்த கம்ப்யூட்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் பச்சையுமாக மின்னும். வந்து போகிற ஆட்கள் எல்லாம் வாய் பிளந்து பார்ப்பார்கள். நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நீ பார்த்து வைத்திருந்ததோ அரிசி டின் மாதிரி ஒரு தகரப் பெட்டி. அதில் மிச்சம் பிடித்து நல்ல பவர் சப்ளையாக வாங்கப் போகிறேன் என்றாய். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு ஏண்டா அவ்வளவு காசு என்று நான் கத்தினேன். “அந்திக்கு லயத்துல பன்னெண்டு வீட்டுலயும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போட்டா பல்பு எப்பிடி மஞ்சளாவுதுன்னு பாக்குறீங்கதானே? அந்தக் கரண்டு நேரா உள்ள போனா எல்லாமே போயிரும்பா. இது ஒன்னுலதான் கஞ்சத்தனம் பாக்கக்கூடாது” என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரே வருடத்தில் புகை விட்டு மூலைக்குப் போனது. நம்முடையது இதோ என் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளும் நாளாக இருக்கட்டும் என்று இதையும் எழுதிவிடுகிறேன்.

கிராபிக்ஸ் கார்ட் தனியாக வேண்டாம், அது உள்ளேயே இருக்கிற ப்ராசசர் போதும் என்று அடித்தாய். ஸ்க்ரீன் புதிது வேண்டாம், ஆபீஸ்களில் கழித்துப்போட்டதைக் கண்டியில் மலிவாக விற்கிறார்கள் என்று மாற்றினாய். அழித்தும் திருத்தியும் அந்தத் தாள் கிழியும் நிலைக்கு வந்து, அம்மா பின்னால் காலண்டர் அட்டை வைத்துத் தைத்தாள். சாமான் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது. மொத்தமாக வாங்க நம்மிடம் வழி இல்லை. அம்மாவின் சீட்டு விழுந்தபோது ஒன்று, என் தீபாவளி அட்வான்சில் ஒன்று, டவுனில் மரக்கறிக் கடையில் நீ மூட்டை இறக்கிய காசில் ஒன்று என்று வாங்கினோம். பழைய விலைக்குக் கடைசியாக ஒன்றுதான் இருக்கிறது என்று கண்டிக் கடைக்காரர் சொன்னதால், மதர்போர்டைத்தான் முதலில் வாங்கினாய். மற்றதெல்லாம் சேரும் வரை அது ஐந்து மாதம் நம் காம்பராவில் கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. உனக்குப் பிள்ளை குட்டி பிறந்து அதுவும் கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று வந்தால், காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வாங்கச் சொல். வாங்கிய அன்றே போட்டுப் பார்க்கலாம், கெட்டது எது என்று உடனே தெரியும், மாற்றியும் தருவார்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கிற சாமானுக்கு என்னைப் போன்றவர்களால் ஆபத்து உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ட்ரையர் ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு என்பது உனக்குத் தெரியும். வீட்டில் காயாதது எல்லாம் எங்களோடு ஸ்டோருக்கு வரும். சப்பாத்து, ஸ்வெட்டர், பிள்ளைகளின் யூனிபோம், கம்பளி, எல்லாம். ட்ரையருக்குப் பின்னால் சுவரில் அடித்திருக்கிற பலகையில் அடுக்கி வைத்தால் ஷிப்ட் முடிவதற்குள் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவும் கண்டும் காணாமல் போவார், அவருடைய சாக்ஸும் அங்கேதான் காயும். நீ ஒன்றாம் வகுப்பிலிருந்து ஈரச் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்கூடம் போனதே இல்லை. நான் ஒரு அப்பனாக உனக்கு ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான் என்று எனக்குப் பெருமை. அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது. அந்த ஆடி மாதம் பத்து நாளாக வெயில் என்கிற சாமானையே பார்க்கவில்லை. நீ டவுனுக்குப் போயிருந்தாய். ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போர்டு வைத்திருந்த அட்டைப் பெட்டியின் மூலையில் பூஞ்சணம். ஐயோ, பிள்ளை ஆசையாக வாங்கிய சாமான் ஈரத்தில் கெட்டுவிடுமே என்று, உன் சப்பாத்தைக் கொண்டுபோன அதே பையில் அதை வைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். பெட்டியை மட்டும் பலகையில் வைத்திருந்தால் போதும். உள்ளே இருந்த வெள்ளிநிறப் பையையும் பிரித்து, போர்டை வெளியே எடுத்துக் காயவைத்தேன்.

ட்ரையர் ரூமில் தேயிலைத் தூசி எப்படிப் பறக்கும் என்று நீயே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறாய். மத்தியானம் போய்ப் பார்த்தால் போர்டு முழுக்கப் பழுப்பாகத் தூசி. எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெசினாக இருந்தாலும், ஓட்டுவதற்கு முன்னால் காய்ந்த துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்துத்தான் ஓட்ட வேண்டும். முப்பது வருடக் கை, அது யோசிக்கவில்லை. தோளில் கிடந்த பருத்தித் துணியை எடுத்துத் துடைத்தேன். நடுவில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதற்கு அடியிலும் தூசி போயிருக்குமே என்று நெம்பித் திறந்தேன். உள்ளே லீக்ஸ் நாற்று மேடை மாதிரி, பொடிப்பொடியாகத் தங்கநிறத்தில் ஆயிரம் கம்பிகள் வரிசையாக நின்றன. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அதையும் துடைத்தேன். துணியில் ஒரு நூல் சிக்கியது. விட்டுவிட்டு உன்னைக் கேட்டிருக்கலாம். இழுத்தேன். லேசாகத்தான் இழுத்தேன், ஆனால் விரலில் தெரிந்தது, ஏதோ ஒன்று கூட வந்த மாதிரி. குனிந்து பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூடியைப் போட்டு அழுத்தி, பையில் வைத்து, பெட்டியில் வைத்து, சாயந்திரம் ட்ரங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அன்றைக்கே மனது சொன்னது, இது சரியில்லை என்று. ஒன்றும் ஆகியிருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அறிந்த மாதிரி இல்லை, நான் அறிந்த மாதிரி ஒரு தடவை கேள். எல்லாச் சாமானும் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கட்டில் மேல் வெள்ளை வேட்டியை விரித்துக் கொடுத்தாள். பனி இன்னும் விலகவில்லை, உன் விரல் எல்லாம் விறைத்துப்போய், ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தாய். ப்ராசசரை இரண்டு விரலால் பிடித்து அந்தத் தங்கநிறக் கம்பிகளின் மேல் வைக்கப்போனபோது அது கொஞ்சம் சறுக்கிக் கோணலாக விழுந்தது. “ஐயோ” என்றாய். எடுத்து நேராக வைத்து மூடினாய். எல்லாம் பூட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால் காற்றாடி சுற்றியது, ஸ்க்ரீனில் ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை கழற்றி மாட்டினாய். கடைசியில் ப்ராசசரை வெளியே எடுத்து, போன் கேமராவைக் கம்பிகளுக்குக் கிட்டே பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாய். “பின்னு வளஞ்சிருக்குப்பா. நான்தான் போட்டு வளைச்சுட்டேன். நான்தான் கெடுத்துட்டேன்” என்று சொல்லி, அவ்வளவு பெரிய பையன், என் முன்னால் அழுதாய். நான் உன் தோளில் கையை வைத்து என்ன சொன்னேன்? “விடு தம்பி. மனுசன்னா தப்பு செய்யத்தான் செய்வான். அப்பா ஒன்னும் நெனைக்க மாட்டேன்.”

நீ செய்யாத தப்புக்கு, செய்த நான் உன்னை மன்னித்தேன். இதை எழுத எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. உன் அம்மா அடுத்த வீட்டில் போய், இவ்வளவு காசு போயும் பிள்ளையை ஒரு வார்த்தை ஏசவில்லை, இந்த மனுசன் தங்கம் என்று சொல்லியிருக்கிறாள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அதைக் கேட்ட ஆட்கள் என்னிடமே வந்து பாராட்டினார்கள். நானும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் போர்டைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குப் போனோம். கடைக்காரர் பார்த்த உடனே, “மல்லி, மேக்கட்ட வொரண்டி நே”, தம்பி, இதற்கு வாரண்டி இல்லை என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். அடிபட்ட சாமானுக்கு யாரும் மாற்றித் தர மாட்டார்கள், அவர் மேல் குற்றம் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் கினிகத்தேனை தாண்டும் வரை போர்டுப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாய். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இனிமே நான் மெசின் பக்கம் கைய வைக்க மாட்டேன்பா” என்றாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் தம்பி, சத்தியமாகத் திறந்தேன். திறந்து, “பசிக்குதா, வடை வாங்கவா” என்று கேட்டேன். என் மகன் என்னைப் பெரிய மனுசனாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை இழக்க எனக்கு மனது வரவில்லை. காரணம் அவ்வளவுதான், வேறு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

கை வைக்க மாட்டேன் என்று சொன்ன நீ, ஒரு வாரம் கழித்துக் கை வைத்தாய். அதற்கு உன் அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவள் நீ போனில் எடுத்து வைத்திருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “வளஞ்சதுதானே, ஒடையலியே? நிமித்திப் பாரேன். இந்தா” என்று தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நீ வாசல் இஸ்தோப்பில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தாய். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் போன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினாய். கண் வலித்தால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவாய். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. நான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே உன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ஸ்டோரில் பிட்டர்மார், எஞ்சின்காரர் என்று எத்தனையோ பேரின் கையைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பொறுமையான கையை நான் பார்த்ததில்லை. இரண்டாவது ஞாயிறு மத்தியானம் ஸ்விட்சைப் போட்டாய், ஸ்க்ரீனில் எழுத்து வந்தது. அம்மா சூடம் கொளுத்திச் சுற்றி, தகரப் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். “உள்ளுக்கு வைக்காதம்மா” என்று நீ கெஞ்சினாய். லயமே வந்து பார்த்தது.

ஒரு கம்பி மட்டும் நிமிரவில்லை, முனை முறிந்திருந்தது. அதனால் இரண்டாவது மெமரி ஸ்லாட் செத்துப்போனது. அடுத்த தீபாவளிக்கு வாங்கிச் சொருகலாம் என்று நீ வைத்திருந்த கணக்கெல்லாம் போயிற்று. ஒரே தட்டை வைத்துக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டினாய். யார் கேட்டாலும், “அது நான் சாகடிச்ச ஸ்லாட்டு” என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். டிப்ளோமாவுக்குப் போனபோது மெசின் பிரிவை விட்டுவிட்டு, கை வேலை இல்லாத மற்றதை எடுத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குக் காரணம் தெரியும். அதற்காக என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

அந்த ஒற்றை மெமரி மெசின் நம் வீட்டுக்குச் செய்ததை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. லயத்துப் பிள்ளைகளின் பரீட்சை முடிவை எல்லாம் நீதான் பார்த்துச் சொன்னாய். ஆபீஸில் தருகிற சிங்களப் பாரங்களைத் தமிழில் படித்துச் சொல்லி, சிங்களத்திலேயே நிரப்பிக் கொடுத்தாய். எதிர்க் காம்பரா அக்காவுக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பு என்று எத்தனை கடிதம் அடித்தாய். நான் ‘அ’ தட்டப் பழகியபோது பின்னால் நின்று, கையைப் பிடிக்காமல், “நீங்களே தேடுங்கப்பா, அவசரமில்ல” என்றாய். தப்பு எழுத்து விழுந்தால் அழிக்கிற பட்டனைக் காட்டினாயே தவிர, ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. தப்பு செய்கிறவனோடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் உன்னிடம்தான் பார்த்தேன். நான் உன் தோளில் கை வைத்துச் சொன்னது நடிப்பு, உன்னுடையது உண்மை. உனக்கு அப்பனாக இருக்கக் கிடைத்ததே எனக்குப் போதும் தம்பி. வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் தட்டிவிடுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். முந்தாநாள், நீ போனை வைத்த கையோடு. அவள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. “இத்தன வருசமா வாயில என்னா, கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான் ஊரு பூரா ஒங்களப் பத்திப் பெருமையா பேசிக்கிட்டு திரிஞ்சேனே. அந்தப் புள்ள தன் கைய தானே வெறுத்துக்கிட்டு நிக்குது” என்றாள். அழுதாள். அப்புறம் கம்ப்யூட்டர் மேல் கிடந்த பூத்துணியை எடுத்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டு, நாற்காலியை இழுத்து வைத்தாள். “ஒக்காந்து எழுதுங்க. முழுசா எழுதுங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் எங்கூட பேச வேணாம்” என்றாள். அதனால்தான் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. பிளேன்டீ மட்டும் வருகிறது.

நேற்று ஸ்க்ரூ ட்ரைவர் எடுத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பயப்படாதே, ஓஃப் செய்து ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். தூசி நிறைய இருந்தது. துணியை எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். நீ வயர்களை அம்மாவின் ஊதா நூலால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாய், ஒரு முடிச்சுக்கூடத் தளரவில்லை. மெமரி ஒரு ஸ்லாட்டில் நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்தில் மற்றது வெறுமையாக இருக்கிறது. அந்த வெறும் ஸ்லாட் என்னுடையது. இனி யாராவது கேட்டால், அது எங்கப்பா சாகடிச்ச ஸ்லாட்டு என்று சொல். நிமிர்ந்து நிற்கிற மற்றக் கம்பிகள் எல்லாம் உன்னுடையவை. ஆயிரத்தில் எத்தனை வளைந்தன என்று எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனையையும் ஒரு தையல் ஊசியால் நீ நிமிர்த்தினாய். அதற்கு முன் உனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, அதற்குப் பின் நீ அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. இரண்டு மாதம் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் கோபத்தை வேலையில் காட்டாதே. திங்கட்கிழமை அவர்கள் எந்த வேலை வேண்டும் என்று கேட்கும்போது, மெசின் வேலைதான் வேண்டும் என்று சொல். என் கை ராசியில்லாத கை என்று இனி ஒருவரிடமும் சொல்லாதே, உன்னிடம்கூட. உனக்குக் கை வேலை வருமா என்று அவர்கள் சந்தேகப்பட்டால், சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல், என் நம்பரைக் கொடு. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். கெடுத்தவன் நான், நிமிர்த்தியவன் அவன், இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் சப்பாத்தைக் காயவைத்த,
உன் போர்டைத் துடைத்த,
அப்பா